முந்திரிக்கொத்துக்கு ஒரு டீ

எங்கள் தேயிலைப் பிரசார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். நானும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். மழையில் நனைந்தோம், நாய் துரத்தியது, பயணப்படி வரவில்லை என்று பட்ட பாட்டையெல்லாம் எழுதுவார்கள். என்னையும் நாய் துரத்தியிருக்கிறது. ஆனால் நான் ஜெயித்த கதையைத்தான் எழுதப் போகிறேன். ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறவள் இல்லை இந்தச் செண்பகம்.

என் வேலை இன்னதென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். டீ குடிக்கச் சொல்லிக் கொடுக்க ஒரு உத்தியோகமா என்று கேட்கிறார்கள். ஆமாம், அதற்கு ஒரு உத்தியோகம் இருந்தது, சம்பளமும் இருந்தது. இப்போது தேயிலையைச் சின்னப் பையில் அடைத்து நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொடுக்கிறார்கள். போன வாரம் தென்காசியில் ஒரு பெரிய கடை வாசலில், அப்போதுதான் அல்வா தின்று முடித்த ஒருவர் கையில் அப்படி ஒரு டீயைத் திணித்தார்கள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எனக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் வந்து சேர்ந்த சமயம் அது. தென்காசி, குற்றாலம் பக்கத்து வீடுகளில் அப்போது காப்பி ராஜ்யம். டீ என்பது பஸ் நிற்கும் இடத்தில் லாரிக்காரர்கள் குடிப்பது. மானம் மரியாதை உள்ள குடும்பத்தில் வந்தவருக்கு டீ கொடுத்தால், என்ன கஷ்டமோ என்று ஊர் பேசும். இந்த எண்ணத்தை மாற்றத்தான் எங்கள் நிலையம் வீடு வீடாக ஆள் அனுப்பியது. ஆண்களை அனுப்பிப் பார்த்து, அவர்கள் வாசல் தாண்டி அடுக்களைக்குள் போக முடியாது என்று தெரிந்தபிறகு எங்களைப் போன்ற பெண்களை எடுத்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் அச்சன்புதூர். பள்ளிக்கூடப் படிப்பு முடிந்திருந்தது. அப்பா இல்லை. அம்மா என்னை மாமன் மகனுக்குக் கட்டிவைக்க அவசரப்பட்டாள். அத்தான் நல்லவன்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறந்தால் மாட்டைத் தவிர வேறு பேச்சு வராது. வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சை நிறுத்துவதாகவும், ஆகாவிட்டால் வாயை மூடிக்கொண்டு மணையில் உட்கார வேண்டும் என்றும் எங்களுக்குள் ஒப்பந்தம். என் வேலையோ தற்காலிகம். குற்றாலத்தில் சாரல் முடிவதற்குள் தென்காசி வட்டாரத்தில் டீ காலூன்றாவிட்டால் எங்கள் வட்டாரத்தையே மூடிவிடுவதாக மெட்ராஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஆக ஒரு பக்கம் டீ, இன்னொரு பக்கம் மாடு. நான் எவ்வளவு மும்முரமாக வேலை பார்த்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி திருநெல்வேலியில். எங்கள் சூப்பர்வைசர் வேதமுத்து சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டை, கையில் குடை, சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. நாம் போட்ட டீயைக் கொண்டுபோய் நீட்டினால் முதலில் நிறத்தைப் பார்ப்பார், அப்புறம் மோந்து பார்ப்பார், அப்புறம் ஒரே ஒரு வாய். பிடிக்கவில்லை என்றால் எழுந்து ஆபீஸ் கொல்லைக்குப் போய், அங்கே நின்ற முருங்கை மரத்தின் மூட்டில் மெதுவாக ஊற்றிவிட்டு, கோப்பையை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். திட்டினால்கூடத் தாங்கலாம். நான் போட்ட டீயிலேயே அந்த மரம் இரண்டு தடவை காய்த்திருக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரு அணு பிசகக் கூடாது. தண்ணீர் அப்போது பிடித்ததாக இருக்க வேண்டும். ஒருமுறை கொதித்து ஆறினதை மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது. பீங்கான் கூஜாவில் முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, சூடேற்றி, கொட்டிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டித் தேயிலை, கூஜாவுக்கென்று ஒரு கரண்டி. வெந்நீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றி மூடி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பால், அப்புறம் கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. இந்தச் சீனிக் கணக்கில் அவர் ரொம்பக் கண்டிப்பு. புதிதாகக் குடிப்பவர்களுக்குத் துவர்ப்புத் தெரிந்தால் ஓடிவிடுவார்களாம்.

இன்னொரு கண்டிப்பு, போகிற வீட்டில் நாங்கள் எதுவும் தின்னக் கூடாது. ஒரு வீட்டில் தின்றால் எல்லா வீட்டிலும் தின்ன வேண்டியிருக்கும், தெரு முடிவதற்குள் நடக்க முடியாது என்பார். ஒரு வீட்டில் கை நனைத்தவளை அடுத்த வீட்டில் அடுக்களைக்குள் விடமாட்டார்கள் என்பதுதான் நிஜக் காரணம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பயிற்சி முடிவில் எங்களைப் புளியறை தாண்டி மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் அங்கே மேனேஜர். அவர் மனைவி தன் கையாலேயே சுட்ட கேக்கை அறுத்து வைத்திருந்தார். முதலில் வெண்ணெய் தடவிய ரொட்டி, அப்புறம்தான் கேக். சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து ஒவ்வொருவரையும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் கோப்பையின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கவனித்தது ஒன்றுதான். கேக்கை எடுத்த துரை சீனியைத் தொடவில்லை.

அப்புறம் என்னைத் தென்காசியில் விட்டார்கள். அடுப்பு, கெண்டி, கூஜா, கோப்பைகள் அடங்கிய தகரப்பெட்டியும் நானும் ஏறாத மாட்டுவண்டி இல்லை. நெசவுத் தெருவில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. பாத்திமுத்து அக்கா வீட்டில் நான் போவதற்கு முன்பே டீ இருந்தது. அவருடைய மாமியார் கொழும்பில் இருந்துவிட்டு வந்தவர். மாலைத் தொழுகை முடிந்து தறியை நிறுத்தினவுடன் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதலைத் துண்டு போட்டு வைப்பார்கள். ஒரு கடி, ஒரு மடக்கு. செங்கோட்டையில் ரயில்வேக்காரர் ஒருவரின் வீடு. மலையாளக் குடும்பம். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து வைத்து, பால் விடாத கட்டன் சாயாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுவார்கள். இரண்டு வீட்டிலும் நான் தகரப்பெட்டியைத் திறக்கவே இல்லை. சாருக்குத் தெரியாமல் அவர்கள் கொடுத்ததைத் தின்றேன், குடித்தேன்; எனக்குத்தான் அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

சிக்கல் எல்லாம் மேலகரத்தில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். அங்கே நிலபுலம் உள்ளவர்கள் தெரு ஒன்று உண்டு. அந்தத் தெருவுக்கே சிவகாமி அம்மாள் வீடுதான் எல்லாம். அந்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பலகாரம் செய்வதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். சாரல் காலத்தில் மதுரை, விருதுநகர் என்று எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க வந்து அங்கேதான் தங்குவார்கள். மூன்று மணிக்கு அவர் என்ன கொடுக்கிறாரோ அதைத்தான் தெரு கொடுக்கும், விருந்தாளிகள் அதைத்தான் தங்கள் ஊருக்குக் கொண்டுபோவார்கள். அந்த ஒரு வீடு கிடைத்தால் போதும், வட்டாரம் பிழைத்துவிடும்.

முதல் தடவை போனபோது மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். நான் அளந்து, கொதிக்கவைத்து, ஐந்து நிமிஷம் நின்று, சீனி இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் எல்லாருக்கும் தட்டில் முந்திரிக்கொத்து வைத்துவிட்டார். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வறுத்துத் திரித்த பாசிப்பயறு, தேங்காய், எள், சுக்கு, ஏலம் எல்லாவற்றையும் கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டி, மும்மூன்றாகச் சேர்த்து அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். தின்றுவிட்டு என் டீயை வாயில் வைத்தார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் விருதுநகரிலிருந்து வந்த ஒரு அம்மாள் சிரித்துவிட்டார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். சிவகாமி அம்மாள் மட்டும் சிரிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, நீ நல்ல பிள்ளையாத்தான் இருக்கே. ஆனா இது என்னட்டி, ருசியும் இல்லாம மணமும் இல்லாம? இதையா வந்தவுகளுக்குக் குடுக்கச் சொல்லுதே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீயில் ஒரு குறையும் இல்லை, வேதமுத்து சாரே வந்திருந்தால்கூட முருங்கைக்கு ஊற்றியிருக்க மாட்டார். பின்னே எங்கே தப்பு?

மறுநாள் பாத்திமுத்து அக்காவிடம் போய்ப் புலம்பினேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தட்டில் என்னென்ன வைத்தார்கள் என்று கேட்டார். முந்திரிக்கொத்து மட்டும்தான் என்றேன். காரம் வைக்கவில்லையா என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வீட்டில் இனிப்பு, காரம், காப்பி என்று ஒரு வரிசை உண்டு. ஒரு கை ஓமப்பொடியாவது தின்னாமல் யாரும் காப்பியைத் தொடமாட்டார்கள். காரம் என்பது காப்பிக்குச் செய்கிற மரியாதை. டீதானே என்று எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, அவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

பாத்திமுத்து அக்கா சொன்னார்: "இனிப்பைத் தின்னுட்டு, அதுக்கு மேல இனிப்பையே குடிச்சா நாக்குக்கு என்ன தெரியும்? எங்க வீட்டு டீல சீனி போட்டு நீ பாத்திருக்கியாட்டி?"

பார்த்ததில்லை. பலநாள் அந்த டீயைக் குடித்திருக்கிறேன், அதில் சீனி இல்லை என்பதைக் கவனித்ததே இல்லை. தொதல்தான் அதற்குச் சீனி. துரை வீட்டில் கேக் எடுத்தவர் கிண்ணத்தைத் தொடாதது ஞாபகம் வந்தது. செங்கோட்டையில் பழப் பொரியலோடு வரும் கட்டன் சாயா ஞாபகம் வந்தது. நான் சுற்றி வந்த எல்லா வீட்டிலும் பலகாரத்தைப் பார்த்துத்தான் டீ போட்டிருக்கிறார்கள். எங்கள் முறை ஒன்றுதான் பலகாரத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காதது.

காரம் வையுங்கள் என்று சிவகாமி அம்மாளிடம் கேட்டிருக்கலாம். எனக்கு மனசில்லை. காப்பி உட்கார்ந்து எழுந்த இடத்தில் டீயை உட்காரவைக்க நான் ஏன் கெஞ்ச வேண்டும்? டீக்கென்று ஒரு இடம் போடுவது என்று முடிவு கட்டினேன்.

அதற்குள் வேதமுத்து சாரிடமிருந்து தகவல் வந்தது. மேலகரத்தில் நான் டீ போடுவதை நேரில் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு எழுதப்போகிறார். வட்டாரம் இருக்குமா இருக்காதா என்பது அவர் எழுதுவதில்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தானுக்குப் புது வேட்டி எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

நல்ல சாரல் நாள். சிவகாமி அம்மாள் வீட்டு முன்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, பேரருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் உட்கார்ந்திருந்தது. எல்லார் தலையிலும் எண்ணெய் வாசம். பிள்ளைகளுக்குப் பல் கிட்டியது. மதுரையிலிருந்து வந்த சிவகாமி அம்மாளின் நாத்தனார், எல்லாரும் மதுரை மதினி என்று கூப்பிடுகிற அம்மாள், நடு இடத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார். வேதமுத்து சார் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை இடம் கொடுப்போம் என்று சிவகாமி அம்மாள் அன்று என்னை விட்டதே பெரிய காரியம்.

நான் நேராக அடுக்களைக்குப் போனேன். "அக்கா, இன்னைக்கு என்ன பலகாரம்?" என்று கேட்டேன்.

அதே முந்திரிக்கொத்துதான். ஒன்று தரச் சொல்லி வாங்கி, அங்கேயே நின்று கடித்துத் தின்றேன். போகிற வீட்டில் தின்னக் கூடாது என்ற சட்டம் போயிற்று. அடுக்களை வாசல் வழியாக சார் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். சுக்கு எவ்வளவு, பாகு எந்தப் பதம் என்று நாக்குக்குத் தெரியாமல் நான் டீ போட முடியாது.

கூடத்துக்கு வந்து அடுப்பை மூட்டி, தேயிலை இரண்டு கரண்டி கூடப் போட்டேன். பாலைக் குறைத்தேன். ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அதில் மட்டும் மாற்றமில்லை. அப்புறம் சீனி டப்பாவைத் திறக்காமலே கோப்பைகளில் ஊற்றினேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. சார் எழுந்து நின்றுவிட்டார்.

"செண்பகம், சீனி," என்றார் மெதுவாக. பயிற்சிக் காலத்திலிருந்து, என் டீயைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"போடல சார். சீனி தட்டுல இருக்கு," என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மாட்டு நினைவாகத்தான் இருக்கும்.

பிறகு எல்லாரிடமும் சொன்னேன். முந்திரிக்கொத்தை முழுதாகத் தின்றுவிடாமல் ஒரு கடி கடித்துக்கொள்ளுங்கள், அது வாயில் இருக்கும்போதே ஒரு மடக்குக் குடியுங்கள் என்று. மதுரை மதினி முதலில் குடித்தார். சூடான டீ பட்டதும் கருப்பட்டி கரைந்து, சுக்கும் ஏலமும் மேலே வந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி ஒரு கடி, ஒரு மடக்கு. கோப்பை காலியானதும் அதை என்னை நோக்கி நீட்டிவிட்டு, சிவகாமி அம்மாள் பக்கம் திரும்பினார்.

"சிவகாமி, நான் வருஷா வருஷம் வந்து தின்னுட்டுப் போறேன். இதுல இவ்வளவு ஏலம் போடுறேன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

சிவகாமி அம்மாளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தானும் ஒரு கடி கடித்து ஒரு மடக்குக் குடித்தார். தான் செய்த பலகாரத்தை அன்றுதான் முதன்முதலாகத் தின்கிறவர் மாதிரி நிதானமாகத் தின்றார்.

"காப்பி குடிச்சா வாயெல்லாம் காப்பியாத்தான இருக்கும்," என்றார். "இது என் பலகாரத்தை எடுத்துக் காட்டுதே." உள்ளே திரும்பி, இனி மூன்று மணிக்கு டீக்கு வெந்நீர் போட வேண்டும் என்று அடுக்களை ஆளுக்குச் சொன்னார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் சார் கையில் கோப்பை இருந்தது. நிறத்தைப் பார்த்தார். மோந்து பார்த்தார். முந்திரிக்கொத்தில் ஒரு கடி கடித்து, ஒரு வாய் குடித்தார். பிறகு கோப்பையோடு எழுந்து முற்றத்துப் பக்கம் நடந்தார். முற்றத்தில் ஒரு செம்பருத்தி நின்றது. முடிந்தது என்று நினைத்தேன். அவர் செம்பருத்தி பக்கத்தில் நின்று, சாரலைப் பார்த்தபடி மிச்சத்தையும் குடித்து முடித்து, காலிக் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு அப்புறம் எந்த மேடையிலும் கிடைக்கவில்லை.

சாரல் முடிவதற்குள் அந்தத் தெரு முழுக்க டீ மணத்தது. வட்டாரம் நிலைத்தது, என் வேலையும் நிரந்தரமானது. அத்தான் அம்மா எடுத்துக் கொடுத்த வேட்டியோடு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, அவளிடம் மாட்டைப் பற்றிப் பேசிச் சந்தோஷமாக இருந்தான். இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பலகாரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அதற்குத் தகுந்தபடி சீனி போடலாம், போடாமலும் இருக்கலாம் என்று எங்கள் முறையையே மாற்றி எழுதினார்கள். மாற்றச் சொல்லி மெட்ராஸுக்கு எழுதியவர் வேதமுத்து சார்தான்.

ஆனால் நான் சொல்ல வந்த ஜெயம் இதுவும் இல்லை. மேலகரத்தில் அன்று பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு நின்றபோது, சார் குடையை விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நனைந்தபடி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அம்மா செண்பகம், எங்க வீட்டுல காப்பிதாம்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிப் பாக்கேன். தேயிலையை வாசப்படி ஏற விட மாட்டேங்கா. ஒரு நாளைக்குப் பாளையங்கோட்டைக்கு வாரியா?"

ஜில்லா முழுக்க டீயைக் கொண்டுபோன மனுஷனுக்குத் தன் வீட்டில் ஒரு வாய் டீ கிடையாது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"உங்க வீட்டம்மா என்ன பலகாரம் செய்வாங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "அச்சுமுறுக்குன்னு நினைக்கேன்," என்றார்.

போனேன். அச்சுமுறுக்குத்தான். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்து, பூப்பூவாகப் பொரித்து, தொட்டால் நொறுங்குகிற பக்குவம். இனிப்புக் கொஞ்சம்தான், அதனால் டீயில் அரைக் கரண்டிச் சீனி போட்டேன், பால் தாராளமாக விட்டேன். ஞானம் அம்மாள், சாரின் மனைவி, முறைத்துக்கொண்டே வாங்கினார். கடித்தார், குடித்தார். மறுபடியும் கடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை வந்ததும் வராததுமா என் பலகாரத்தைக் கேட்டுச்சு. நீங்க இத்தனை வருஷமா டீ டீன்னு சொன்னீகளே, என் அச்சுமுறுக்கைப் பத்தி ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொன்னீகளா?"

சார் கடிகாரத்தை எடுக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு அச்சுமுறுக்கை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். "நல்லா வந்திருக்கு ஞானம்," என்றார்.

அந்த அம்மாள் என் கையிலிருந்த கூஜாவை வாங்கி, அவர் கேட்காமலே அவருடைய கோப்பையில் டீயை ஊற்றினார்.